வேதக்கோயில் படியேறத் தயங்குகிறவர்களுக்கு: மனம் உடைந்த நேரத்தில் மலையகத்தில் எங்கே போவது, யாரிடம் பேசுவது, என்ன செலவாகும்

வீட்டுக்காரர் தவறிய அதே வருடத்தில் நுண்கடன்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் நான் போய் உட்கார்ந்த இடம் ஹட்டன் பக்கத்தில் ஒரு மாதா கோயில். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுத்து வளர்ந்தவள் நான். கிறிஸ்மஸுக்கு வேதக்காரர் வீட்டில் கேக் சாப்பிட்டதைத் தவிர அவர்கள் கும்பிடுகிற முறை ஒன்றும் தெரியாது. எப்போது போகலாம், யாரைக் கேட்கலாம், எதற்குக் காசு, எந்தக் கடதாசி வேண்டும் என்று எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அங்கே ஒரு பிடிமானம் கிடைத்தது. உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்புகிறேன், ஆனால் வழி தெரியாமல் அலைகிற பாடாவது உங்களுக்குக் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கத்தோலிக்கக் கோயிலின் வழக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றச் சபைகளைப் பற்றி, மெதடிஸ்த சபையில் இருக்கிற என் சின்னம்மா மகளிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறேன்.

1. முதலில் இன்றைய இரவைக் கடத்துங்கள்

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால், கோயில் விசாரிப்பது நாளைக்கு இருக்கட்டும். போனை எடுத்து 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள். 1333 இன்னொரு இலக்கம், அதற்குக் கட்டணம் இல்லை, ரீலோட் தீர்ந்திருந்தாலும் முயன்று பாருங்கள். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். அதற்கும் காசு இல்லை. தோட்டத்து லொறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்கிற குடும்பங்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றம் இல்லை. இதை நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் இருக்கிற மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து போன்றவற்றை இன்றைக்கே பக்கத்து வீட்டிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் படுக்காதீர்கள்.

சாமி காரியத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு வேதத்திலேயே ஒரு இடம் உண்டு. எலியா என்ற தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார். வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். அப்பமும் தண்ணீரும் வைத்திருக்கிறது. சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுள் அவரோடு பேசுவது அதற்கும் நெடுநாள் கழித்து. ஆகவே ரொட்டியைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து, படுங்கள்.

2. எந்தக் கோயில் என்று பார்ப்பது

மலையக டவுன்கள் பலவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் இருக்கின்றன. கத்தோலிக்கம், அங்கிலிக்கன், மெதடிஸ்த, இரட்சணிய சேனை, பிறகு பெந்தெகொஸ்தே வகைச் சபைகள் பல. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிற வார்லி ஆலயம்போல 1878இல் கட்டிய கல்கோயிலும் உண்டு, தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்ட சபையும் உண்டு. கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உடைந்துபோன நேரத்தில் நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்வரக்கூடிய இடம். இரண்டு பஸ் மாற வேண்டிய கோயிலுக்கு மழைக்காலத்தில் போகமாட்டீர்கள். போகாமல் விட்டால் அதுவும் ஒரு குற்ற உணர்ச்சியாக ஏறிக்கொள்ளும்.

அடுத்து மொழி. டவுன் கத்தோலிக்கக் கோயில்களில் சிங்களப் பூசையும் தமிழ்ப் பூசையும் வேறு வேறு நேரம். வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையைப் பாருங்கள், அல்லது கோயில் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தோட்டத்துச் சிற்றாலயங்களில் ஒவ்வொரு ஞாயிறும் பூசை இருக்காது. ஒரே பங்குத்தந்தை, அதாவது ஃபாதர், பல தோட்டங்களைப் பார்ப்பதால் அவர் எந்த வாரம் வருவார் என்று, தோட்டத்தில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் உபதேசியார் யார் என்று எந்த வேதக்கார வீட்டிலும் சொல்வார்கள்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள். ஆராதனை அமைதியாக இருக்கும், பாட்டுப் புத்தகம் தருவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் சத்தமாக ஜெபிப்பார்கள், கைதட்டிப் பாடுவார்கள், அழுகிறவரைச் சுற்றி நின்று தலையில் கை வைப்பார்கள். சிலருக்கு அதுவே ஆறுதல். எனக்கு அந்தச் சத்தம் அப்போது தாங்கவில்லை. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று நீங்களே பாருங்கள், இதில் யாருடைய கட்டாயத்துக்கும் இணங்க வேண்டாம்.

3. முதல் ஞாயிறு

பெயர் கொடுக்க வேண்டாம், கடதாசி வேண்டாம், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். கதவு திறந்திருக்கும், உள்ளே போகலாம். ஞாயிறு பூசை ஏறக்குறைய ஒரு மணி நேரம். கால் மணி முன்னதாகப் போனால் பின்வரிசை வாங்கு கிடைக்கும். அங்கேதான் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழும்பலாம், உட்காரலாம், முழந்தாளிடலாம். முழந்தாளிட முடியாவிட்டால் உட்கார்ந்தே இருங்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் செருப்பை வெளியே விட வேண்டும். டவுனில் போட்டுக்கொண்டு போகிறார்கள். வாசலைப் பார்த்தால் தெரிந்துவிடும். உடுப்பு சுத்தமாக இருந்தால் போதும், புதுச்சேலை தேவையில்லை. காலைப் பூசைக்கு சுவெட்டர் கட்டாயம், சீமெந்துத் தரை குளிர் எலும்பில் ஏறும்.

புதியவர்கள் திகைக்கிற இடங்கள் மூன்று. பிரசங்கத்துக்குப் பிறகு காணிக்கைப் பையோ தட்டோ வரும். போடாமல் பக்கத்தவருக்கு நகர்த்தலாம். பிறகு ஒரு கட்டத்தில் எல்லோரும் சட்டென்று திரும்பி ஒருவருக்கொருவர் கைகூப்புவார்கள். அது சமாதான வாழ்த்து, நீங்களும் கைகூப்பினால் சரி. கடைசியாக நற்கருணை என்கிற அப்பத்தை வாங்க வரிசையாகப் போவார்கள். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற கத்தோலிக்கர் மட்டுமே அதை வாங்குவார்கள். நீங்கள் இடத்திலேயே இருங்கள். பக்கத்தில் உள்ளவர் போக வழிவிட்டால் போதும்.

நான் போன முதல் நாள் பக்கத்தில் ஒரு பாட்டி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, எந்த வரி பாடுகிறார்களோ அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல். எனக்கு வாய் திறக்க வரவில்லை, அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச வராத நாளில் அவ்வளவு செய்தால் போதும் என்று இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கண்ணீர் வந்தால் வரட்டும். ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வாரத்தில் மனம் லேசாகிவிட வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். நாலைந்து ஞாயிறு ஒரே இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இது நமக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஞாயிறு கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், புதன்கிழமை சகாயமாதா நவநாள் என்று பல கோயில்களில் மாலையில் ஜெப வழிபாடு நடக்கும். சைவர்களும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள், அதனால் புது முகம் என்று யாரும் பார்ப்பதில்லை. வேலை விட்டு நேராக வரலாம். என்னைக் கேட்டால், தயக்கம் அதிகமாக உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

4. ஃபாதரிடம் பேசுவது

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கல்யாணக் கடிதம் கேட்டு ஒருவர், வீடு மந்திரிக்கக் கேட்டு இன்னொருவர், அடுத்த தோட்டத்துக்குக் கிளம்ப ஜீப் வேறு நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் கதையை அவர் பாதிதான் கேட்பார், நீங்கள் மனம் நொந்து திரும்புவீர்கள். கிழமை நாளில், மாலையில், அலுவலகத்துக்குப் போன் பண்ணி நேரம் கேளுங்கள். ஒரு வசனம் போதும்: ஃபாதர், நான் வேதக்காரி இல்லை, மனம் சரியில்லை, அரை மணி நேரம் பேச வேண்டும்.

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, திருமுழுக்குப் பெற்றவர்களுக்கானது. அதில் சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம், 983ஆம் பிரிவு. நீங்கள் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் உங்கள் பேச்சு அந்த முத்திரைக்குக் கீழ் வராது. அதனால் பேசத் தொடங்கும் முன்பே, இதை வெளியில் சொல்ல வேண்டாம் ஃபாதர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்காமல் கேட்கலாம், அவர்கள் தப்பாக எடுப்பதில்லை. பெண்கள், ஃபாதரிடம் சொல்ல முடியாததை சிஸ்டர்மாரிடம் சொல்லலாம். கன்னியர் மடம் டவுன் கோயில்கள் பலவற்றின் பக்கத்திலேயே இருக்கிறது. என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. உள்ளங்கையில் சீனி போட்டு, சாயத் தேத்தண்ணி தந்து, நான் பேசத் தொடங்கும்வரை ஒரு சிஸ்டர் பேசாமல் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜெபக்கூட்டத்தில், அக்கம்பக்கத்து வேதக்காரர் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் உங்கள் வீட்டுக் கதையை முதல் நாளே கொட்டாதீர்கள். அங்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் இந்த அக்காவுக்காக ஜெபியுங்கள் என்று ஆரம்பிக்கிற செய்தி அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கும். குடி, கடன், புருஷன் அடிப்பது, பிள்ளை ஓடிப்போனது இவையெல்லாம் தனியாக ஒருவரிடம் சொல்ல வேண்டியவை. கூட்டத்தில் கேட்டால், மனக்கஷ்டம், ஜெபியுங்கள் என்றளவில் நிறுத்துங்கள்.

5. மாத்திரையை நிறுத்தச் சொன்னால்

எழும்பி வந்துவிடுங்கள். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று கேட்கிற போதகர்கள் இருக்கிறார்கள். வேதத்தில் லூக்கா நற்செய்தியை எழுதிய லூக்காவையே பவுல் அப்போஸ்தலர் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதுகிறார். தூக்கமில்லாமை, பசியில்லாமை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்த நாள் என்று வெளிநோயாளர் பிரிவில் கேளுங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்களுக்குக் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி எதுவோ அங்கே. கட்டணம் இல்லை. பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகும், அதற்குத் தயாராக இருங்கள். அடையாள அட்டையும், முன்பு எடுத்த மருந்துத் துண்டு இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். ஆலோசனைக்கு ஆள் வேண்டும் என்றால் சுமித்ரயோ அமைப்புக்குக் கண்டியிலும் நிலையம் இருக்கிறது. மதம் கேட்கமாட்டார்கள், காசும் வாங்கமாட்டார்கள்.

6. வீட்டில் என்ன வாசிப்பது

பைபிள் கையில் கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் லேவியராகமத்தில் பலிச் சட்டங்களுக்குள் சிக்கி நின்றுவிடுவார்கள். அப்படித் தொடங்க வேண்டாம். முதலில் எந்தப் பைபிள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பைபிளில் 73 நூல், மற்றச் சபைகளின் பைபிளில் 66. ஒன்றில் திருப்பாடல்கள் என்று இருப்பது மற்றதில் சங்கீதம் என்று இருக்கும். அதிகார எண்கள் இரண்டிலும் ஒன்றே, ஆகவே எண்ணை வைத்துத் தேடுங்கள். கோயில் அலுவலகத்தில் விலைக்குக் கிடைக்கும். வசதி இல்லை என்றால் சொல்லுங்கள், பழைய பிரதி ஒன்றாவது தருவார்கள். போனில் செயலியாகவும் இலவசமாக இறக்கலாம், ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத லயத்திலும் வாசிக்கலாம்.

நான் வாசித்த வரிசை இது. முதலில் சங்கீதம் 13. ஆறே வசனம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளைப் பார்த்துக் கேட்பதில் ஆரம்பிக்கிறது. கடவுளிடம் இப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. அடுத்து 88. எனக்குத் தெரிந்து சங்கீதங்களிலேயே இருட்டானது அதுதான். மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் நம்பிக்கையில் வந்து முடியும், இது இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றும் கிடையாது. ஆனாலும் அதை வேதத்தை விட்டு யாரும் வெட்டி எறியவில்லை. கணவன் செத்த வீட்டில் வந்து, எல்லாம் நன்மைக்கே அக்கா என்று சொல்லிப்போனவர்களைவிட அந்த ஒரு சங்கீதம் எனக்கு அதிகம் உதவியது. என் நிலைமையில் இருந்து கொண்டே ஜெபிக்கலாம், முதலில் மனதைத் தேற்றிக்கொண்டு வந்து பிறகு ஜெபிக்க வேண்டியதில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

பிறகு 22. சிலுவையில் இயேசு, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறுவது இதன் முதல் வரி. அதன் பின் மாற்கு நற்செய்தி, 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். 14ஆம் அதிகாரத்தில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே துக்கத்தில் விழுந்து, கூட இருந்தவர்களிடம் விழித்திருங்கள் என்று கேட்கிறார், அவர்களோ தூங்கிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் சொல்கிற நம்பிக்கை என்ன என்று எனக்குப் புரிந்த விதம் இதுதான்: கஷ்டம் வராது என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. கஷ்டத்துக்குள் கடவுளே இறங்கி நின்றிருக்கிறார், மரணத்தைத் தாண்டியும் போயிருக்கிறார் என்று சொல்கிறது. இதை உடனே நம்பிவிட வேண்டும் என்று இல்லை. வாசித்துக்கொண்டிருங்கள்.

பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். காலையில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும். வாசிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது மணி உருட்டிச் சொல்கிற செபமாலை கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு எழுத்து வேண்டாம்.

தலைக்குமேல் மலை நிற்கிற இடத்தில் இருக்கிறோம். எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிறேன் என்கிற 121ஆம் சங்கீதத்தை இங்கே வேதக்கார வீடுகள் பலவற்றின் சுவரில் பார்க்கலாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா புயலிலும் மலை இறங்கி வந்து ஆட்களைக் கொண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி லேசில் வாயில் வராது. வராவிட்டால் விடுங்கள். அடுத்த வசனம், ஒத்தாசை மலையிலிருந்து வருவதாகச் சொல்லவில்லை, மலையையும் உண்டாக்கினவரிடமிருந்து என்றுதான் சொல்கிறது.

7. காசு விஷயம்

பூசைக்கு வர, ஃபாதரிடம் பேச, திருமுழுக்குப் பெற என்று எதற்கும் கட்டணம் இல்லை. ஆயர் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக்கூடாது, ஏழை என்பதற்காக யாருக்கும் திருமுழுக்கு போன்ற அருட்சாதனம் மறுக்கப்படக்கூடாது என்று கத்தோலிக்கச் சட்டம் 848ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. யாருடைய நினைவாகவாவது பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டால் ஒரு சிறு காணிக்கை கொடுப்பது வழக்கம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். உங்கள் கையிலிருந்து போகப்போவது பஸ் காசு, மெழுகுவர்த்தி, பண்டிகைக்கு ஏதாவது. அவ்வளவுதான்.

மற்றச் சபைகள் சிலவற்றில் தசமபாகம் கேட்பார்கள், பத்தில் ஒன்று. அங்கத்தவர் ஆனவர்கள் மனம் ஒப்பிக் கொடுப்பது அது. புதிதாக வந்தவரிடம், அதிலும் கடனில் மூழ்கியவரிடம், விதைத்தால் அறுப்பாய் என்று சம்பளப் பணத்தைக் கேட்கிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். அபிஷேக எண்ணெய்க்கும் கைக்குட்டைக்கும் விலை சொல்கிற இடத்துக்கும் அப்படியே.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஞானஸ்நானம் எடுத்தால் கூரைத்தகரம் வரும், பிள்ளைக்குப் புத்தகப்பை வரும் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். உதவி தேவை என்றால் உதவியாகவே கேளுங்கள். கத்தோலிக்க மறைமாவட்டங்களில் கரித்தாஸ் என்ற சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது, அங்கே மதம் பார்ப்பதில்லை. நுண்கடனை கோயில் அடைக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோயிலில் பழகியவர்களிடம் கைமாற்று வாங்குவதையும் முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். கடன் வந்தால் அந்த முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டே ஞாயிறு போவது நிற்கும்.

இன்னொன்று: உங்கள் கதையைப் போனில் வீடியோ எடுத்து சாட்சி என்று போடக் கேட்பார்கள். அழுகிற படம் வெளிநாட்டு உபகாரிகளுக்கும் போகும். வேண்டாம் என்று சொல்லுங்கள். வெற்றுக் கடதாசியில் கையொப்பம் போடவே கூடாது.

8. வீட்டாரும் லயத்தாரும்

மதம் மாறிவிட்டாள் என்ற பேச்சு நீங்கள் இரண்டாவது ஞாயிறு போகும்போதே கிளம்பும். சண்டை பிடிக்க வேண்டாம், மனசு சரியில்லை, போய்வருகிறேன் என்று சொன்னால் போதும். வீட்டுச் சாமிப்படத்தை உடனே கழற்று என்று யாராவது சொன்னால் அந்த யோசனையை ஏற்காதீர்கள். வீட்டில் மாமியாரும் இருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய சாமியும் அது. என் மாமியார் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார், நான்தான் திரி திரித்துக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் பாடசாலையில் சைவநெறி படித்துக்கொண்டிருந்தால் பத்தாம், பதினோராம் வகுப்பில் பாடத்தை மாற்றாதீர்கள். சமயம் சாதாரணதரத்தில் கட்டாயப் பாடம், பெறுபேறு அடிபடும். பரீட்சை முடியட்டும்.

9. திருமுழுக்குப் பெற விரும்பினால்

அவசரப்படாதீர்கள். துக்கத்தின் உச்சியில் எடுக்கிற பெரிய முடிவு எதுவும் ஆறு மாதம் காத்திருக்கலாம். சில சபைகளில் இரண்டு மூன்று வாரத்திலேயே ஆற்றில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கு, அதாவது ஏழு வயது தாண்டிய யாருக்கும், மறைக்கல்வி வகுப்பு உண்டு. பல மாதம் நடந்து, வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின், அதாவது ஈஸ்டரின், முந்தைய இரவில் திருமுழுக்குக் கொடுப்பார்கள். 2027இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, அதற்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் பெப்ரவரி 10ஆம் திகதி சாம்பல் புதனோடு தொடங்கும். அந்த வருடத்துக்குச் சேர வேண்டும் என்றால் 2026 நடுப்பகுதியிலேயே ஃபாதரிடம் பேசி வைப்பது நல்லது.

வேறு சபையில் ஏற்கெனவே தந்தை, மகன், தூய ஆவி பெயரால் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் கத்தோலிக்கத்தில் மறுபடி கொடுப்பதில்லை. அதன் சான்றிதழைக் கொண்டுபோங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் அப்படி இல்லை, குழந்தையில் பெற்றிருந்தாலும் மறுபடி மூழ்கச் சொல்வார்கள்.

கேட்கப்படும் கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கல்யாணமானவர் என்றால் விவாகச் சான்றிதழ், துணை இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், ஞானத்தாயாக அல்லது ஞானத்தந்தையாக நிற்பவரின் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றிதழ்கள். நிற்பவருக்கு வழக்கமாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், அவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே வகுப்புத் தொடங்கும்போதே விண்ணப்பம் கொடுங்கள்.

கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கல்யாணம், இரண்டாம் கல்யாணம், பிரிந்து வாழ்வது இப்படி ஏதாவது இருந்தால் முதல் சந்திப்பிலேயே ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் கடைசி வாரத்தில் வெளிப்பட்டு எல்லாம் நிற்கும். ஆயரின் அனுமதி தேவைப்படுகிற விஷயங்கள் உண்டு. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்திலும் பதுளை, மொனராகலை மாவட்டங்கள் பதுளை மறைமாவட்டத்திலும் சேரும், கடிதம் அந்தந்த ஆயர் இல்லத்துக்குப் போய்வர நேரமாகும்.

அரசாங்கத்தில் எதையும் பதிய வேண்டியதில்லை. விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. அடையாள அட்டையில் மதம் என்ற ஒன்றே கிடையாது.

பெயரில் மட்டும் கவனம். திருமுழுக்கில் மரியா, அந்தோனி என்று புதுப்பெயர் வைப்பார்கள். அது கோயில் பதிவேட்டோடு நிற்கட்டும். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலிலோ வங்கிப் புத்தகத்திலோ அந்தப் பெயரைச் சேர்க்கப் போகாதீர்கள். தோட்டத்தில் சேமலாப நிதி எடுக்கப் போனவர்கள் அடையாள அட்டையில் ஒரு பெயரும் செக்ரோலில் ஒரு பெயருமாக இருந்து எவ்வளவு அலைகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், மறுபடி அலுவலகம் என்று அது முடிவதே இல்லை.

திருமுழுக்குச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் பெயர் எழுத்து, பிறந்த திகதி இரண்டையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அதே வாரம் திருத்தச் சொல்லுங்கள். ஃபாதர் இடம் மாறிப் போய்விட்டால் புதியவர் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

10. நடுவில் போகாமல் விட்டால்

விடுவீர்கள். மழை, காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை, அல்லது எழும்பவே மனமில்லாத ஞாயிறு. அதற்காக மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், அபராதமும் இல்லை. மறைக்கல்வி வகுப்பைத் தவறவிட்டால் மட்டும் உபதேசியாரிடம் சொல்லுங்கள், விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லித் தருவார். பழைய இருட்டு திரும்பி வருகிறது என்று தோன்றினால் முதல் பகுதியில் கொடுத்த இலக்கங்களைப் போனில் பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பூசை நேரம் தவக்காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் மாறும், திரும்பப் போகும்போது முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.